முதல் டப்பா உங்களுக்கு

வாசகரின் கடிதம் (சுருக்கி, அடையாளங்களை நீக்கியிருக்கிறேன்):

"மேடம், எனக்கு வயது 42. கொளத்தூரில் இருக்கிறேன். என் கணவர் 2021 மே மாதம் கொரோனாவில் தவறிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது காலை டிபன் 15 பேருக்கு, மதியம் 34 டப்பா போகிறது. உதவிக்கு ஓர் அக்கா வருகிறார். பையன் பிளஸ் டூ. அவர் இருந்தபோது 78 கிலோ இருந்தேன், இப்போது 96. உயரம் 156 செ.மீ. பகலில் நான் பெரிதாக ஒன்றும் சாப்பிடுவதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். விடிகாலை 4.30க்கு எழுந்து காபி, அப்புறம் பாதி தோசை, வேலையெல்லாம் முடிந்து 4 மணிக்குக் கொஞ்சம் மோர் சாதம். எடை குறையட்டும் என்று ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டேன். ஆனால் பையன் தூங்கிய பிறகு, 10 மணிக்கு மேல் சமையலறைக்குப் போனால் எனக்கு என்ன ஆகிறது என்றே தெரியவில்லை. மிச்சமிருக்கும் வத்தக்குழம்புச் சட்டியிலேயே சாதத்தைப் போட்டுப் பிசைந்து, அப்பளம், மிக்சர், பையனுக்கு வாங்கிய கேக் எல்லாவற்றையும் நின்றபடியே சாப்பிடுகிறேன். வயிறு வலிக்கும்வரை. லைட் கூடப் போடுவதில்லை. வாரத்தில் 4 நாளாவது இப்படி, ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் படுத்துக்கொண்டு அழுவேன். மறுநாள் பட்டினி கிடப்பேன். பேலியோ டயட் இருந்து 4 மாதத்தில் 11 கிலோ குறைத்தேன், திரும்ப 15 கிலோ ஏறிவிட்டது. போன மாதம் ஒரு காதுகுத்தில் நாத்தனார் எல்லார் முன்னாடியும், 'தம்பி போன துக்கத்துல இளைச்சுப் போவான்னு பார்த்தா, இவ என்ன இப்படி ஊதிட்டா' என்றார். அன்றைக்கு ராத்திரி அரைக் கிலோ பக்கோடா வாங்கி வந்து தனியாகத் தின்றேன். என் கணவர் சனிக்கிழமைதோறும் பெரம்பூரிலிருந்து பக்கோடா வாங்கி வருவார், ராத்திரி பேசிக்கொண்டே சாப்பிடுவோம். டாக்டர் 'வாயைக் கட்டுங்கம்மா' என்கிறார். தோழி ஊசி போட்டுக்கொள் என்கிறாள். எவ்வளவோ தாங்கிவிட்டேன் மேடம், இந்த வாயை மட்டும் கட்ட முடியவில்லை. எனக்கு மன உறுதியே இல்லையா? இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை."

அன்புச் சகோதரிக்கு,

மன உறுதி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கணவரை இழந்த பிறகு தொழில் ஆரம்பித்து, தினம் 4.30க்கு எழுந்து, 49 பேர் வயிற்றை நிரப்பி, பையனை பிளஸ் டூ வரை கொண்டுவந்தவர் நீங்கள். உங்களிடம் உறுதி குறைவாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், அந்த டாக்டரையும் சேர்த்துத்தான், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொல்லப்போனால் உறுதியை அளவுக்கு மேல் செலவழிக்கிறீர்கள். பகல் முழுக்கப் பசியை அடக்க, மதியம் சோர்வை அடக்க, சாயந்திரம் பையன் முன்னால் அழுகையை அடக்க. ராத்திரி 10 மணிக்கு அடக்குவதற்கு ஆள் மிச்சமில்லை.

உங்கள் ஒரு நாளை நான் தாளில் எழுதிப் பார்த்தேன். விடிகாலை காபி, ஒரு பாதி தோசை, அதுவும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடியே என்று நினைக்கிறேன். அப்புறம் 4 மணிக்கு மோர் சாதம். அவ்வளவுதான். அனல் பறக்கிற அடுப்படியில் 7, 8 மணி நேரம் நின்று வேலை செய்கிற உடம்புக்கு இது போதாது. ராத்திரி 10 மணிக்கு நடப்பதை மட்டும் நீங்கள் குற்றமாகப் பார்க்கிறீர்கள், எனக்கோ அது காலை 8 மணிக்கே ஆரம்பித்துவிடுவது தெரிகிறது. நீங்கள் சத்தியம் செய்யவே வேண்டாம், பகலில் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்பதை அப்படியே நம்புகிறேன். பிரச்சினையின் பாதி அதில்தான் இருக்கிறது.

ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 1944, 45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்தது. போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக இதற்கு மனமுவந்து வந்தவர்கள். கொள்கைக்காக எதையும் தாங்கத் தயாராக இருந்தவர்களிடம் மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்கு 6 மாதம், வழக்கமாகச் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதிதான் உணவு. என்ன ஆயிற்று தெரியுமா? பேச்சு, நினைப்பு எல்லாம் சாப்பாடாகிப் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். எரிச்சல், சோகம் வந்தது. கட்டுப்பாட்டை எடுத்த பிறகு பலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் போதவில்லை என்றார்கள். அவர்களுக்கு முன்னாடி எந்த மனப் பிரச்சினையும் இருந்ததில்லை, பட்டினி போட்டால் எந்த உடம்பும் செய்வதைத்தான் அவர்கள் உடம்பும் செய்தது. உங்கள் உடம்பும் அதைத்தான் செய்கிறது, அதுவும் நாள் முழுக்கச் சாம்பார் வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 10 மணிக்கு மேல் சமையலறை, அப்புறம் அழுகை, 4.30க்கு எழுந்திருப்பது. 5 மணி நேரம் தூங்கினாலே அதிகம். 2004ல் வந்த ஓர் ஆய்வில், 2 இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்ட இளைஞர்களுக்குப் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கியது, இனிப்பு, மாவுப் பண்டங்கள் மேல் ஆசை கூடியது. டப்பாக்கள் போன பிறகு அரை மணி நேரம் படுங்கள். பாத்திரம் எங்கும் ஓடிப்போகாது.

அடுத்தது, தின்று முடித்த பிறகு உங்களை நீங்களே திட்டிக்கொண்டு மறுநாள் பட்டினி கிடப்பது. தண்டித்துக்கொண்டால் திருந்திவிடுவோம் என்று நினைக்கிறீர்கள், நம் எல்லாரையும் அப்படித்தானே வளர்த்தார்கள். ஆனால் நடப்பது நேரெதிர். 1975ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு பேர் செய்த சோதனையில் பெண்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். டயட் கவலையே இல்லாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கிறவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். இதற்கு நம்மிடம் ஏற்கனவே பேர் இருக்கிறது, 'போனது போச்சு'. ஒரு வாய் மிக்சர் போட்டாயிற்று, இன்றைய விரதம் கெட்டது, போனது போச்சு, பாக்கெட்டை முடித்துவிடு, நாளையிலிருந்து சுத்தமாக இருக்கலாம். இந்தப் பேச்சு உங்களுக்குள் ஓடுகிறதா இல்லையா என்று கவனித்துப் பாருங்கள்.

இதன் மறுபக்கத்தை 2007ல் ஆடம்ஸ், லியரி என்ற இருவர் பார்த்தார்கள். டயட்டில் கவனமாக இருக்கும் பெண்களை ஒரு டோனட் சாப்பிட வைத்துவிட்டு, அவர்களில் சிலரிடம் மட்டும் 'எல்லாரும்தான் சில சமயம் இப்படிச் சாப்பிடுகிறார்கள், இதற்காக உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்' என்று ஆறுதலாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு முன்னால் மிட்டாய் வைத்தபோது, அந்த ஆறுதலைக் கேட்டவர்கள்தான் குறைவாகச் சாப்பிட்டார்கள். தன்னிடம் கனிவாக இருந்தால் கட்டுப்பாடு போய்விடும் என்று ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. தின்ற ராத்திரியில் படுத்துக்கொண்டு அழும்போது, இதே விஷயத்தை அந்த உதவிக்கு வரும் அக்கா உங்களிடம் வந்து சொல்லி அழுதால் என்ன சொல்வீர்களோ அதை உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். வாய்விட்டே சொல்லலாம்.

சரி, இப்போது பக்கோடாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

சனிக்கிழமை ராத்திரி, அவர் பெரம்பூரிலிருந்து வாங்கி வரும் பொட்டலம், இரண்டு பேரும் உட்கார்ந்து பேச்சு. எத்தனை வருடம் இப்படி இருந்திருக்கும்? அந்த நேரம் உங்கள் நாளில் அப்படியே காலியாகக் கிடக்கிறது. 2021 மே மாதம் எப்படி இருந்தது என்று சென்னையில் இருந்த யாருக்கும் மறக்காது. ஆக்சிஜன் படுக்கைக்காக அலைந்தது, ஆம்புலன்ஸ் வரிசை, கடைசி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல் வழியனுப்பியது. அந்த மாதத்தில் போனவர்களின் வீடுகளில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை, கட்டிப்பிடித்து அழ ஆள் வரவில்லை. உங்கள் வீட்டில் எப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தக் காலத்தில் கணவரை இழந்த பல பெண்களிடம் நான் பார்த்தது, அழுது தீர்க்காத துக்கம் வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருப்பதுதான். உங்களுக்கு அது ராத்திரி 10 மணிக்கு வருகிறது. நாத்தனார் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த அன்று நீங்கள் கேக்கைத் தேடவில்லை, மிக்சரைத் தேடவில்லை. பக்கோடாவைத் தேடினீர்கள். அவமானப்பட்டு வீட்டுக்கு வந்தவர், தனக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளைத் தேடிப் போயிருக்கிறார், அந்த ஆள் இல்லாததால் அவர் கொண்டுவரும் பொட்டலத்தை வாங்கியிருக்கிறார். இதைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மனக் கஷ்டத்துக்குச் சாப்பிடுவது மனிதர்கள் எல்லாரும் செய்வதுதான். குழந்தை அழுதால், எதற்கு அழுகிறது என்று பார்க்காமலே கையில் பிஸ்கட்டைக் கொடுக்கிறோம். விழுந்தாலும் பிஸ்கட், பயந்தாலும் பிஸ்கட். ஹில்டே புரூக் என்ற மனநல மருத்துவர் ஐம்பது வருடத்துக்கு முன்பே இதைச் சொன்னார், எல்லா அழுகைக்கும் சாப்பாடே பதிலாக வந்தால், பெரியவர்களான பிறகு வயிற்றுப் பசியையும் மனசின் தவிப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போகலாம் என்று. அம்மாக்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. நம் ஊரில் அன்பையே 'சாப்பிட்டாச்சா' என்றுதான் கேட்கிறோம், அது எனக்குப் பிடிக்கும், அது மாறவும் வேண்டாம். கஷ்டத்துக்கு ஒரு வாய் சாப்பிடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. கோபத்துக்கும், தனிமைக்கும், அசதிக்கும், அவமானத்துக்கும் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் மருந்து என்று ஆகும்போதுதான் உடம்பு அதன் விலையைக் கொடுக்கிறது.

என்ன செய்யலாம்? முதல் 2 வாரத்துக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வேன், அது டயட் இல்லை. நீங்கள் 34 டப்பா கட்டுகிறீர்கள். நாளையிலிருந்து 35. முதல் டப்பா உங்களுக்கு. வாடிக்கையாளருக்குப் போகிற அதே அளவு சாதம், சாம்பார், கூட்டு, பொரியல், மோர். கடைசியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொள்வதை நான் சொல்லவில்லை, முதலில் எடுத்து மூடி வைப்பது. வண்டி கிளம்பியதும், 1 மணிக்குள், உட்கார்ந்து, தட்டில் போட்டு சாப்பிடுங்கள். அதேபோல் காலையில் 8 மணிக்கு 3 இட்லி, உட்கார்ந்து. சாயந்திரம் 4.30க்கு ஒரு கிண்ணம் சுண்டல், இல்லை வேர்க்கடலை. ராத்திரி 8 மணிக்குப் பையனோடு சாப்பாடு. 4, 5 மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. முந்தின ராத்திரி என்ன நடந்திருந்தாலும் மறுநாள் காலை இட்லியை விடக் கூடாது, இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான இடம். 'இப்படிச் சாப்பிட்டால் இன்னும் ஏறிவிடுமே' என்று மனசு அலறும். அலறட்டும். கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பிரச்சினைக்கு உலகம் முழுக்கச் செய்யப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையில், நாங்கள் சிபிடி என்போம், முதல் படியே நேரத்துக்குச் சாப்பிடுவதுதான். பகலில் வயிறு நிறைந்தால் ராத்திரி வருவதில் ஒரு பங்கு தானாகக் கழன்றுவிடும். மிச்சம் இருப்பது மனசுடையது, அதை அப்புறம் தெளிவாகப் பார்க்க முடியும்.

வரவு செலவு எழுத ஒரு நோட்டு வைத்திருப்பீர்கள் இல்லையா, அதன் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கு ஆரம்பியுங்கள். கலோரி எழுத வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். மணி என்ன, என்ன சாப்பிட்டேன், அதற்கு முன் மனசில் என்ன இருந்தது, இது மூன்றும் போதும். மூன்றாவதில் 'கஷ்டமா இருந்துச்சு' என்று எழுதினால் செல்லாது. கஷ்டம் என்பது பெரிய மூட்டை, அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்ததால் கோபமா, பையன் ரூம் கதவைச் சாத்திக்கொண்டதால் தனிமையா, பரீட்சை நெருங்குகிற பயமா, சும்மா கால் வலியும் அசதியுமா? சரியான பேரை வைத்தவுடனேயே அந்த உணர்ச்சியின் வேகம் கொஞ்சம் இறங்கும். அதோடு ஒவ்வொன்றுக்கும் வேண்டியது வேறு. அசதிக்குப் படுக்கை வேண்டும், கோபத்துக்கு அந்த ஆளிடம் பேச வேண்டும், தனிமைக்கு ஒரு போன் வேண்டும். வத்தக்குழம்பு சாதத்தால் இதில் எதையும் தர முடியாது, 10 நிமிடம் மறக்க வைக்கத்தான் முடியும்.

அப்படியும் ராத்திரி அந்த வேகம் வரும். உங்களைப் போன்றவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை, வீட்டில் தின்பண்டம் வைக்காதே என்பது. உங்கள் தொழிலே சாப்பாடு, அது நடக்காத காரியம். நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். மிச்சக் குழம்பைச் சட்டியில் விடாமல் மதியமே அக்காவுக்கும் வாட்ச்மேனுக்கும் கொடுத்து அனுப்பிவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். ராத்திரி சமையலறைக்குப் போனால் லைட்டைப் போடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இருட்டில் சாப்பிடுவது தன் கண்ணிலிருந்தே தன்னை மறைத்துக்கொள்வது, மறைக்கிற வரை வெட்கம் வளரும்.

மெரினாவிலோ எலியட்ஸ் கடற்கரையிலோ தண்ணீரில் நின்றிருப்பீர்கள். பெரிய அலை வரும்போது அதை எதிர்த்துத் தள்ள முடியாது, ஓடவும் முடியாது. காலை அகட்டி நின்றால் அது ஏறி, இடுப்பை நனைத்துவிட்டு, தானாகவே இறங்கும். குடிப் பழக்கத்துக்குச் சிகிச்சை கொடுத்த ஆலன் மார்லட் என்ற உளவியலாளர், ஏக்கமும் இப்படித்தான் ஏறி இறங்கும் என்று சொல்லி, அதன் மேல் நின்று பார்க்கும் பயிற்சியை உருவாக்கினார். நாற்காலியில் உட்காருங்கள். எங்கே தெரிகிறது, தொண்டையிலா, நெஞ்சிலா, கையிலா? மூச்சை விட்டுக்கொண்டு 10 நிமிடம் அதையே கவனியுங்கள். சாப்பிடவே கூடாது என்று உங்களுக்கு நீங்களே கட்டளை போடாதீர்கள், போட்டால் பழைய சண்டை ஆரம்பித்துவிடும். 10 நிமிடம் கழித்தும் வேண்டும் என்று இருந்தால், தட்டில் போட்டு, உட்கார்ந்து, வெளிச்சத்தில் சாப்பிடுங்கள். அதைத் தோல்வி என்று நோட்டில் எழுதக் கூடாது.

சனிக்கிழமைக்கு மட்டும் தனியாக ஒன்று. பக்கோடாவை விடச் சொல்ல மாட்டேன். வாரா வாரம் வாங்குங்கள், பெரம்பூரில் அதே கடையிலேயே. ஆனால் ஒளித்துத் தின்பதற்காக இல்லாமல், பையனையும் உட்காரவைத்து இரண்டு தட்டில் போட்டு, அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டு. அவனுக்கும் அப்பா போய்விட்டார், அவனும் அம்மா அழுதுவிடுவாளோ என்று பேச்சை எடுக்காமல் இருக்கலாம். இருவரும் அழுதால் அழுங்கள். பக்கோடா ஆறிப்போனால் போகட்டும்.

நாத்தனார் விஷயம். அவர் தம்பியை இழந்தவர், அவர் வலி அவருக்கு. அதற்காக உங்கள் உடம்பைச் சபையில் வைத்துப் பேச அவருக்கு உரிமை கிடையாது. துக்கத்தில் இளைத்தால்தான் உண்மையான மனைவி என்ற கணக்கை யார் போட்டது? துக்கம் சிலரை இளைக்க வைக்கும், சிலரைக் கனக்க வைக்கும், இரண்டும் துக்கம்தான். எடையைச் சொல்லிக் குத்தினால் ரோஷம் வந்து குறைத்துக்கொள்வார்கள் என்று நம் குடும்பங்களில் ஆழமாக நம்புகிறார்கள். ஆய்வுகளில் தெரிந்தது வேறு. எடைக்காக அவமானப்பட்டவர்கள் இன்னும் அதிகம் சாப்பிடுகிறார்கள், உடற்பயிற்சிக்கும் டாக்டரிடமும் போகத் தயங்குகிறார்கள். அடுத்த முறை அவர் ஆரம்பித்தால், சண்டை வேண்டாம், ஒரே வாக்கியம். "அண்ணி, என் உடம்பைப் பத்திப் பேச வேண்டாம், எனக்கு வலிக்குது." கண்ணாடி முன்னால் நான்கு தடவை சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள், அப்போதுதான் அந்த நேரத்தில் வாயில் வரும்.

"எவ்வளவோ தாங்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். தாங்குவது வேறு, மீள்வது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பெண்களுக்குத் தாங்குவதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தனியாக. ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல கஷ்டங்கள் சேர்ந்திருந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்து வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, அக்கறையுள்ள ஓர் ஆளாவது பக்கத்தில் இருந்தது. பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. மீள்திறன் என்பதை நாம் ஒருவரின் உள்ளே இருக்கும் இரும்பு போலப் பேசுகிறோம், அது பாதியளவு வெளியே, மனிதர்களிடம் இருக்கிறது. உங்களுக்கு அந்த ஆள் யார்? தோழி ஒருத்தி இருக்கிறாள், ஊசி போட்டுக்கொள் என்று சொல்லும் அளவுக்கு அக்கறை உள்ளவள். அவளிடம் ராத்திரி நடப்பதைச் சொல்ல முடியுமா? முழுதாக வேண்டாம், 'ராத்திரி 10 மணிக்கு எனக்குக் கஷ்டமா இருக்கு, அப்ப போன் பண்ணா எடுப்பியா' என்று மட்டும்.

ஊசியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இப்போது வந்திருக்கும் எடைக்குறைப்பு ஊசிகள் பசியைக் குறைக்கின்றன, பலருக்கு எடையும் நன்றாகவே குறைகிறது. உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஹார்மோன் டாக்டர், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட், பார்த்துச் சொல்ல வேண்டும், தோழியின் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது. போட்டுக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரியை அந்த ஊசியால் நிரப்ப முடியாது, அந்த வேலை எப்படியும் மிச்சம் இருக்கும். டாக்டரிடம் போகும்போது தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். ராத்திரி குறட்டை பலமாக இருந்து, பகலில் தூங்கி வழிந்தால் அதையும் சொல்லுங்கள். 'வாயைக் கட்டு' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, இதை மறைக்க மாட்டேன். வாரத்துக்கு 4 நாள், நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும்வரை, தனியாக, பின்னால் குற்ற உணர்ச்சியோடு. வாரம் ஒரு தடவையாவது 3 மாதம் இப்படி நடந்தாலே அதை ஒரு தனி நோயாகப் பார்க்க வேண்டும் என்று 2013 முதல் மனநல மருத்துவக் கையேட்டில் இருக்கிறது. பிஞ்ச் ஈட்டிங் என்று சொல்வார்கள். கடிதத்தை வைத்து நோய்க்குப் பேர் வைப்பது சரியில்லை, அதனால் நேரில் ஒருவரைப் பார்க்கச் சொல்கிறேன். கொளத்தூரிலிருந்து கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் ஸ்டான்லி மருத்துவமனையும் பக்கம்தான், இரண்டும் அரசுடையவை. தனியாரிடம் போனால், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானா என்று கேட்டுக்கொண்டு போங்கள், கேட்பதில் தப்பில்லை. போனில் பேச வேண்டுமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். இருப்பதைவிட இல்லாமலே போய்விடலாம் என்ற எண்ணம் எந்த ராத்திரி வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அந்த எண்ணுக்குப் போடுங்கள்.

எடை எவ்வளவு குறையும்? உண்மையைச் சொல்கிறேன். சிபிடி முடிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் கட்டுப்பாடற்ற சாப்பாடு நின்றுவிடுகிறது, மற்றவர்களில் பலருக்கும் குறைகிறது. ஆனால் அதனால் மட்டும் தராசு முள் பெரிதாக இறங்குவதில்லை. ஏறுவது நிற்கும், அதுவே உங்களுக்கு இப்போது பெரிய விஷயம். வேகமாகக் குறைத்தால் உடம்பு எதிர்க்கும். அமெரிக்காவில் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை 6 வருடம் கழித்துப் பார்த்தபோது, பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது, உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தியோ அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிடத் தினம் ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே இருந்தது. 2016ல் வந்த ஆய்வு. உங்கள் 11 கிலோ போய் 15 வந்த கதையில் உங்கள் குற்றம் எவ்வளவு குறைவு என்று இப்போது தெரிகிறதா? பிற்பாடு, ராத்திரிகள் அமைதியான பிறகு, டாக்டர் துணையோடு மெதுவாக 5 கிலோ, 8 கிலோ குறைந்தால்கூட, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முட்டிக்கும் நல்ல பலன் உண்டு. இப்போதைக்குத் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

நாளைக்கு என்ன சமையல் என்று தெரியாது. எதுவானாலும், அடுப்பை அணைத்ததும் முதல் டப்பாவை எடுத்து, உங்கள் பேரை ஒரு சீட்டில் எழுதி மேலே ஒட்டி, ஒதுக்கி வைத்துவிடுங்கள், அக்காவிடமும் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். 2 வாரம் கழித்து நோட்டின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிவியுங்கள். சனிக்கிழமை பையன் அப்பாவைப் பற்றி என்ன சொன்னான் என்பதையும்.